நாய்க்கு எலும்பு போடும் நல்லவர்களே!

டிஸ்கி: பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவங்க முடிச்சிட்டு வந்து படிங்க.

போன தடவை ஊருக்கு (ஏர்வாடி) போனது சாச்சா வீட்டுக் கல்யாணத்துக்கு. நெய்ச்சோறு, தாளிச்சா, கோழிப் பொரியல். பந்தி முடிஞ்சதும் சாச்சா மிச்ச எலும்பையெல்லாம் வாளியில அள்ளி, தெருமுனை செவலைக்குக் கொட்டினார். "வாயில்லா ஜீவன், நன்மை கிடைக்கும்டா" என்று வேறு சொன்னார்.

மூணாம் நாள் செவலை சோத்தை மோந்துகூடப் பார்க்கல. முக்கி முக்கி உட்காருது, ஒண்ணும் வரல. கடைசியா வந்தது ரத்தம். ராமநாதபுரம் கொண்டு போனா, டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எலும்பு போட்டீங்களா?" மறுநாள் விடியறதுக்குள்ள செத்துப் போச்சு.

சாச்சாகிட்ட சொன்னா, "நாய் எலும்பு தின்னாம புல்லா திங்கும்? காலங்காலமா திங்குது, எது செத்துச்சு?" என்கிறார். இந்த வாதம்தான் எனக்கு ஆகவே ஆகாது. பக் ரிப்போர்ட் வரலைன்னா பக் இல்லைன்னு அர்த்தமா? தெருநாய் எங்கயாவது புதருக்குள்ள போய்ச் சாகும். அது வயித்தைக் கிழிச்சு யார் பார்த்தா?

விஷயம் ரொம்ப சிம்பிள். எலும்புங்கறது கான்கிரீட் மாதிரி. சுண்ணாம்புச் சத்துதான் ஜல்லி, சிமெண்ட். கொலாஜன்தான் உள்ளே ஓடற கம்பி. வேக வைக்க வைக்க கொலாஜன் கரைஞ்சு குழம்புல இறங்கிடும். ஆட்டுக்கால் பாயா ஆறினதும் கெட்டியாகுதே, அது இதுதான். மிச்சம் நிக்கறது கம்பி இல்லாத கான்கிரீட். கடிச்சா சில்லு சில்லா, ஊசி ஊசியா உடையும். கோழி எலும்பு இதுல மகா மோசம். பொரிச்சது, சுட்டது, தாளிச்சாவில மணிக்கணக்கா வெந்தது எல்லாம் ஒரே ஜாதிதான். தொண்டையில குத்தும், குடலைக் கிழிக்கும், இல்லைன்னா மொத்தமா சேர்ந்து சிமெண்ட் கட்டியா அடைச்சுக்கும். அமெரிக்காவுல கடையில பாக்கெட் போட்டு விக்கற எலும்பைத் தின்னே 15 நாய் செத்ததா அவங்க எஃப்.டி.ஏ.வுக்கு ரிப்போர்ட் போய், 2017ல எச்சரிக்கையே விட்டாங்க.

"அப்ப பச்சை எலும்பு?" வேக வெச்சதைவிடத் தேவலை, அவ்வளவுதான். பச்சைக் கோழிக் கழுத்து மாதிரி மெத்துனு இருக்கறதை, கூடவே நின்னு பார்த்துக் கொடுக்கலாம். ஆனா சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், போட்ட கையைக் கழுவணும். மாட்டுத் தொடை எலும்பு பல்லை உடைக்கும். கரைப்பக்கம் கெளுத்தியைத் தூக்கிப் போடறவங்களே, அதன் முள்ளுல ரம்பப் பல்லு இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.

பிரியாணி மிச்சத்தை அப்படியே கொட்டறதும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. வெறும் சோத்துல, மசாலா போடாம அவிச்ச கறியை எலும்பெடுத்துப் பிசைஞ்சு வைங்க. ரெண்டு நிமிஷ வேலை.

முழுங்கிட்டா உப்புத்தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்கற வைத்தியமும் நம்ம ஊர்ல உண்டு. தயவுசெஞ்சு செய்யாதீங்க. இறங்கும்போது கிழிக்காதது ஏறும்போது கிழிக்கும். நேரா டாக்டர்கிட்ட போங்க.

தெருநாய்க்கு எந்த இடத்துல சோறு வைக்கணும்னு 2025 ஆகஸ்ட்டுல உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. என்ன சோறு வைக்கணும்னு சாச்சாகிட்ட நான்தான் மல்லுக்கட்டணும். அடுத்த மாசம் இன்னொரு கல்யாணம். வாளியை இந்தத் தடவை நான் பிடிக்கப் போறேன்.