பாலையும் பனிவெளியும்

மணலும் மணல் சார்ந்த இடமும் பாலை என்று பள்ளிப் பருவம் முதல் நாம் மனப்பாடம் செய்து வருகிறோம். ஆயின் தொல்காப்பியர் பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து தம் தன்மை கெடும்போது பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் விளக்கும். இவ்விளக்கத்தின் நுட்பம், உலகின் இருவேறு வறள்நிலங்களை ஒப்பிட்டால் நன்கு புலப்படும்.

சகாரா போன்ற வெப்பப் பாலைவனமும், வடதுருவத்தை ஒட்டிய தூந்திராவும் தட்பவெப்பத்தால் நேர்மாறானவை. எனினும் இரண்டிலும் மரம் அரிது. மழையும் பனியுமாக இறங்கும் நீர் ஆண்டுக்குப் பெரும்பாலும் 25 செ.மீ. அளவைத் தாண்டுவதில்லை. பெய்த நீர் என்னாகிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. பாலைவனத்தில் அது விரைந்து ஆவியாகிவிடுகிறது. தூந்திராவிலோ, நிலத்தடியில் உறைந்து கிடக்கும் மண் நீரைக் கீழிறங்க விடுவதில்லை. குளிரால் ஆவியாதலும் குறைவு. ஆகவே, கோடையில் மேல்மண் இளகியதும் சதுப்பும் குட்டைகளும் தோன்றுகின்றன. பாசியும் சிறு பூச்செடிகளும் தழைக்கின்றன. தொலைநாட்டுப் பறவைகள் அங்கே வந்து குஞ்சு பொரிக்கின்றன. நம் நாட்டு லடாக்கிலும், ஏறத்தாழ 10 செ.மீ. மழையே பெறும் லே பகுதி மக்கள், பனி உருகி வரும் நீரை வாய்க்காலில் கொணர்ந்து பார்லி விளைவிக்கின்றனர்.

இனி நம் ஊரை நோக்குவோம். தென்மேற்குப் பருவக்காற்றை மலை மறித்து நின்றாலும், விருதுநகர் மாவட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 செ.மீ. மழை பெறுகிறது. இது பாலைவன எல்லைக்கு மும்மடங்கு. இருந்தும், குடிநீருக்குக் குடத்தோடு காத்திருந்த கோடைகள் இராஜபாளையத்தார்க்குப் புதியன அல்ல. மழை பொய்த்தது என்று வானத்தைப் பழிப்பது எளிது; வந்த மழையை எங்கே வைத்தோம் என்று கேட்பதே அறிவுடைமை.

தூந்திராவுக்கு உறைமண் செய்யும் பணியை நமக்கு மலைக்காடும் கண்மாயும் செய்கின்றன. காட்டைக் காக்க 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயமும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் அமைந்தன. கண்மாயைக் காக்க வேண்டியவர் ஊராராகிய நாமே. வரத்துக்கால் தூர்ந்து, உள்வாயில் சீமைக்கருவேல் மண்டினால், எத்துணை மழை பெய்தும் மருதம் பாலையாகும்.

பாலைத்திணை பயிலும் மாணவர், தம் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் எங்குத் தொடங்குகிறது, எங்கு அடைபட்டுள்ளது என்று நடந்து பார்த்து எழுதி வருதல் வேண்டும். பெரியோர் உடன் சென்று பழைய வழியைக் காட்டுதல் வேண்டும். திணை இலக்கணத்திற்கு அதனினும் சிறந்த உரை வேறில்லை.