மீனுக்கும் ஒரு வீடு வேண்டாமா?

பனியன் நகரமாகிய நம் திருப்பூரில் கண்ணாடி மீன்தொட்டிகள் பெருகி வருகின்றன. கம்பெனி அலுவலகத்தின் வரவேற்பறையில் ஒன்று, துணிக்கடையில் ஒன்று, மருத்துவரின் காத்திருப்போர் அறையில் ஒன்று, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒன்று என அவை நம் கண்ணில் பட்ட வண்ணம் இருக்கின்றன. முன்பெல்லாம் அவற்றில் கப்பியும் மோலியும் தங்கமீனும் துள்ளி விளையாடும். இப்பொழுதோ பலருக்கும் பெரிய மீன்களின்மேல் ஆசை பிறந்திருக்கிறது. ஆஸ்கார், வெள்ளி அரோவானா, செவ்வால் கெளுத்தி, முதலையைப் போன்ற வாயுடைய அலிகேட்டர் கார் ஆகியவை குஞ்சுகளாகக் கடைகளில் விற்கப்படுகின்றன. இவை யாவும் அமெரிக்கக் கண்டங்களின் ஆறுகளைத் தாயகமாகக் கொண்டவை. பிற மீன்களைப் பிடித்து உண்பவை.

அழகிய உயிர் ஒன்றை வீட்டில் வளர்க்க விரும்புவது குற்றமன்று. அது குழந்தைகளுக்கு இரக்கத்தையும் பொறுப்பையும் கற்பிக்கும். ஆனால் ஆசை வேறு, பேணுதல் வேறு. பெரிய மீனுக்கு அதன் ஆயுள் முழுவதும் இடமும் தண்ணீரும் கவனிப்பும் தர இயலாத வீடு அதை வாங்கலாகாது. வாங்கிய பின் வளர்க்க முடியவில்லை என்று அதைக் குளத்திலோ ஆற்றிலோ விடவும் ஆகாது. இதுவே எங்கள் கருத்து. இதற்கான காரணங்களைப் பெற்றோர்கள் முன்னும், அருட்சகோதரிகள் முன்னும், தோழியர் முன்னும் வைக்க விரும்புகிறோம்.

"தொட்டி எவ்வளவோ, மீனும் அவ்வளவுதான் வளரும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது உண்மையன்று. சிறிய செருப்பையே போட்டு வந்தால் பாதம் வளராது என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புவோமா? பாதம் புண்ணாகும், நடை கெடும். அதுபோலவே சிறு தொட்டியில் அடைபட்ட பெரிய மீன் தன் கழிவிலேயே வாழ்ந்து, முதுகு வளைந்து, வளர்ச்சி குன்றி, காலத்திற்கு முன்பே மடிகிறது. அது தொட்டிக்கு ஏற்ப வளர்ந்த மீன் அன்று; தொட்டியால் கெட்ட மீன்.

அளவுகளைச் சற்றுப் பார்ப்போம். கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாக வாங்கும் ஆஸ்கார், நன்கு பேணினால் ஓராண்டுக்குள் 10 அங்குலத்தை நெருங்கும், பின்னர் ஓரடியாகும், 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். வெள்ளி அரோவானா ஏறத்தாழ மூன்றடி வளரக்கூடியது. செவ்வால் கெளுத்தியோ நான்கடியைத் தொடக்கூடியது. அலிகேட்டர் காரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2011-ஆம் ஆண்டு பிடிபட்ட ஒன்று 8 அடிக்கு மேற்பட்ட நீளமும் சுமார் 148 கிலோ எடையும் கொண்டிருந்தது. இதன் குஞ்சு நம் விரல் நீளமே இருக்கும்! யானைக்குட்டியைப் பார்த்து ஆட்டுப்பட்டி கட்டலாமா?

இனித் தொட்டிக் கணக்கு. கடைகளில் அதிகம் விற்கும் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உடையது. ஒரு கன அடிக்குச் சுமார் 28 லிட்டர் என்று கொண்டால் அதில் 57 லிட்டர்தான் பிடிக்கும். ஒரே ஓர் ஆஸ்கார் மீனுக்குக்கூட நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி வேண்டும். அதில் 250 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்றால் 680 லிட்டர். வளர்ந்த அரோவானாவுக்கு அதுவும் போதாது. தன் உடலைத் தடையின்றித் திருப்ப அதற்கு மூன்றடி அகலமாவது வேண்டும். அது நீருக்கு மேல் எகிறிப் பாயும் இயல்புடையது. ஆகவே கனமான மூடியும் வேண்டும். 680 லிட்டர் தண்ணீரின் எடை மட்டுமே 680 கிலோ. மாடி வீட்டில் வைப்போர் தரை தாங்குமா என்று கேட்டறிந்த பின்னரே வைக்க வேண்டும்.

இடத்தினும் பெரிது தண்ணீர். மீன் தன் செவுள்களின் வழியே இடைவிடாது அம்மோனியாவை வெளியேற்றுகிறது. உண்ணாது விட்ட இரையும் அழுகி அம்மோனியாவாகிறது. அது நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட் ஓரளவு தீங்கு குறைந்தது; ஆனால் அதைத் தண்ணீர் மாற்றித்தான் வெளியேற்ற முடியும். இந்நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பெரிய மீனையும் வாங்கி விட்டு, பத்து நாளில் அது மாண்டு போவதற்கு இதுவே காரணம். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசி வெண்மையாக்குவதும் பிழை. குளோரின் பட்டால் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் அழியும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அதை அலச வேண்டும்.

இந்தப் பாடம் திருப்பூர்க்காரர்களாகிய நமக்குப் புதிதன்று. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து நம் ஊரின் நடுவே ஓடும் நொய்யல் ஆறு சாயக்கழிவால் பட்ட பாட்டை நம் பெற்றோர் கண்ணால் கண்டவர்கள். உழவர்களின் நன்மைக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப் போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நம் ஊர் மறக்கவில்லை. வெளியே போக வழியில்லாத நீரில் கழிவு சேர்ந்தால் உயிர் வாழாது என்பதே அன்று நாம் கற்ற பாடம். மீன்தொட்டி ஒரு சிறிய ஒரத்துப்பாளையம் ஆகிவிடலாகாது. சாயநீர் தன் நிறத்தால் தன்னைக் காட்டிக் கொடுத்தது. அம்மோனியாவுக்கோ நிறமில்லை. தொட்டி பளிங்குபோல் தெளிந்திருக்கும். உள்ளே மீன் மூச்சுத் திணறும்.

எனவே வாரந்தோறும் தொட்டித் தண்ணீரில் நான்கில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு மாற்றியே தீரவேண்டும். 680 லிட்டர் தொட்டியில் 100-க்கு 30 பங்கு மாற்றினாலும் ஏறக்குறைய 200 லிட்டர். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்றால் வாரம் 13, 14 குடம்! ஆற்றுத் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கும் வீடுகள் நிறைந்த ஊர் நம்முடையது. தண்ணீர் வரும் நாளில் அண்டா, குடம், பக்கெட் எல்லாவற்றையும் நிரப்பிவைப்பவர் யார்? பெரும்பாலும் அம்மா, அம்மாவுக்குத் துணையாக நாங்கள். மீனை வாங்கி வருவது அப்பா. விருந்தினருக்கு வேடிக்கை காட்டுவது அண்ணன். குடம் சுமப்பது மட்டும் பெண்களா? மீன் வாங்கும் முன் வீட்டில் எல்லாரும் கூடிப் பேச வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். தண்ணீர் மாற்றும் நாளில் அப்பாவும் அண்ணனும் குடம் எடுப்பார்கள் என்றால் வாங்கலாம். மாற்றி எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டவேண்டாம். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் அது நல்ல உரம்.

இரையிலும் கருத்து வேண்டும். வேட்டை மீன் என்பதால் உயிருள்ள சிறு மீன்களை நாள்தோறும் போடுவதைச் சிலர் வீரமாகவே எண்ணுகின்றனர். அந்தச் சிறு மீன்கள் நோயையும் ஒட்டுண்ணிகளையும் கொண்டு வரக்கூடும். தங்கமீனையே தொடர்ந்து இரையாக்கினால் உயிர்ச்சத்துக் குறைவும் நேரும். கோழி, ஆடு முதலியவற்றின் கொழுப்பு மீனின் கல்லீரலுக்கு ஆகாது. வேட்டை மீன்களுக்கென விற்கும் குச்சி இரையைப் பழக்கி, இடையிடையே சுத்தம் செய்த இறாலும் மீன் துண்டும் கொடுப்பதே நலம். வளர்ந்த மீனுக்கு நாளுக்கு ஒருமுறை போதும். வாரத்தில் ஒரு நாள் இரை இல்லாமலும் இருக்கலாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மீனுக்கும் பொருந்தும். மின்சாரம் நின்றால் வடிகட்டியும் காற்றுக் குழாயும் நின்றுவிடும். வெயில் காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் பிராணவாயு ஏற்கனவே குறைவாக இருக்கும். ஆகவே பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வைத்திருப்பது நன்று.

மீன் வாய் திறந்து அழாது. ஆயினும் குறிப்புக் காட்டும். துடுப்புகளை மடக்கி மூலையில் ஒதுங்குதல், இரையை வெறுத்தல், மேற்பரப்பில் வந்து வாய் பிளத்தல், ஆஸ்காரின் தலையில் சிறு குழிகள் தோன்றுதல் ஆகியவை நோயின் அடையாளங்கள். அப்பொழுது முதலில் பார்க்க வேண்டியது மருந்துப் புட்டியை அன்று, தண்ணீரை. ஆனால் நம்மிடையே நடப்பது என்ன? மீன் செத்தால், "வீட்டுக்கு வந்த கண்திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது" என்று சொல்லி அடுத்த மீனை வாங்கி வருகிறோம். வாஸ்து மீன் என்ற பெயரில் எத்தனை உயிர்கள் இப்படி மடிகின்றன! அம்மோனியாவால் செத்த மீனைத் திருஷ்டியால் செத்ததாகச் சொல்வது அறியாமை. அது நம் மனச்சாட்சிக்கு நாமே கொடுக்கும் தாலாட்டு.

இன்னொரு கேடும் உண்டு. மீன் பெரிதாகிவிட்டது, தொட்டி போதவில்லை. கொல்லவும் மனம் வரவில்லை. "பாவம், குளத்தில் விட்டுவிடலாம்" என்று தோன்றும். இரக்கம்போல் தோன்றும் இச்செயல் பெருந்தீங்கு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் கிராஃப்டன் என்னும் ஊரில் 2002-ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். ஒருவர் நம் விரால் மீனுக்கு உறவான ஆசிய மீன்கள் இரண்டைச் சமையலுக்கென உயிருடன் வாங்கினார். பின்னர் சமைக்காமல் தொட்டியில் வளர்த்தார். தொட்டி போதாமற்போகவே குளத்தில் விட்டார். அதிகாரிகள் அக்குளத்தில் மருந்திட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கண்டெடுக்கப்பட்டன! நமக்கு அருகில் கேரளத்தில் 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் சாலக்குடி ஆற்றில் அரபைமாவும் அலிகேட்டர் காரும் பிடிபட்டன. காஷ்மீரத்தின் தால் ஏரியில் 2023-ஆம் ஆண்டு ஓர் அலிகேட்டர் கார் அகப்பட்டது. இவை எதுவும் தானாக நீந்தி நம் நாட்டிற்கு வந்தவை அல்ல. மனிதன் விலை கொடுத்து வாங்கி வந்தவை.

நம் நஞ்சராயன் குளத்தை எண்ணிப் பாருங்கள். 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் உலகச் சிறப்புப் பெற்ற ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அங்குள்ள சிறு மீன்களை நம்பியே நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் வருகின்றன. நம் மண்ணின் விராலும் கெளுத்தியும் அந்நீரில் தலைமுறை தலைமுறையாக ஓர் ஒழுங்கில் வாழ்கின்றன. அந்நிய வேட்டை மீன் ஒன்று அங்கே நிலைபெற்று இனம் பெருக்கினால் அவ்வொழுங்கு குலையும். பின்னர் எந்த வலையாலும் அதை முழுவதும் அகற்றுவது அரிது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வாங்கும் முன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இம்மீன் எத்தனை அடி வளரும்? எத்தனை ஆண்டு வாழும்? என்ன உண்ணும்? "இது இவ்வளவுதானுங்க, பெருசாகாது" என்ற பதிலோடு நின்றுவிடாமல் நூல்களிலும் தேடுங்கள். இரண்டடித் தொட்டிதான் நம்மால் இயலும் என்றால் அதில் கப்பியும் மோலியும் வளர்ப்போம். அவற்றின் அழகு எந்த அரோவானாவுக்கும் குறைந்ததன்று. பெரிய மீன் ஏற்கனவே வீட்டில் இருந்தால், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ, விற்ற கடையிலோ ஒப்படையுங்கள். எக்காரணங்கொண்டும் நீர்நிலையில் விடாதீர்கள்.

விலை கொடுத்துவிட்டால் எதுவும் நமக்குச் சொந்தம் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். பனியனை வாங்கலாம், கிழிந்தால் எறியலாம். உயிரை அப்படிக் கொள்ள முடியாது. அதற்குப் பசிக்கும், மூச்சு முட்டும், இடம் வேண்டியிருக்கும். தோழியரே, அடுத்த முறை அப்பா மீன்கடைக்கு அழைத்துச் சென்றால், எந்த மீன் அழகாயிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.