நெஞ்சினுள் ஓர் ஈரிதழ்க் கதவு

இதயத்தில் நான்கு அறைகள் உள என்பதை நம் இல்லத்துப் பள்ளிச் சிறாரும் அறிவர். அவற்றுள் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையே அமைந்த ஈரிதழ் வால்வைப் பற்றி இம்மாதம் எழுத எண்ணினோம். ஏனைய மூன்று வால்வுகளுக்கும் மும்மூன்று இதழ்கள். இதற்கு மட்டும் இரண்டே. பேராயர் அணியும் மகுடத்தை ஒத்திருத்தலால் மேனாட்டார் இதனை மிட்ரல் என்றனர்.

நுரையீரலில் தூய்மையுற்ற குருதி மேலறையை நிறைத்ததும் இதழ்கள் கீழ்நோக்கி விரிந்து வழிவிடும். கீழறை சுருங்கிக் குருதியை உடலெங்கும் உந்தும்போது அவை பொருந்தி மூடிக்கொள்ளும். அவ்வேகத்தில் மேற்புறம் புரண்டுவிடாவோ எனின், புரளா. மெல்லிய நார்க்கயிறுகள் இதழ்களின் விளிம்பைக் கீழறையின் தசைக்காம்புகளோடு பிணைத்துள்ளன. அத்தசைகளும் உடன் சுருங்கிக் கயிற்றை இழுத்துப் பிடிக்கும். நிமிடத்துக்கு 70 துடிப்பெனினும் நாளொன்றுக்கு இலட்சம் முறை திறந்து மூடுகின்றது. நம் ரயில்வேயில் இத்துணை உழைக்கும் லெவல் கிராசிங் கேட் ஏதும் இல்லை!

இதற்குப் பகை தொண்டையில் தோன்றுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண்ணைக் கவனியாது விடின், 5 முதல் 15 வயதுச் சிறாருள் சிலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் மூட்டு வீக்கத்துடன் ருமாட்டிக் காய்ச்சல் காணும். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் ஆற்றலே வால்வையும் தாக்கிவிடும். இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ள, 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கவேண்டிய வழி ஆண்டுகள் செல்லச் செல்லக் குறுகும். சில பெண்களுக்குக் கருவுற்ற காலத்து மூச்சுத் திணறலே முதல் அறிகுறியாகிறது.

பர்மாவில் 1917இல் பிறந்து, போரினால் 1942இல் கோவைக்குப் பெயர்ந்த டாக்டர் பத்மாவதி அம்மையார் இந்நோயை முனைந்து ஆராய்ந்தவர். 1954இல் நம் டில்லியின் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் இதய நோய்ப் பிரிவைத் தொடங்கினார். 2020இல் தம் 103ஆம் வயதில் இந்நகரிலேயே மறைந்தார். பழுதுற்ற வால்வை மாற்றவும் இன்று வழியுண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் உருவாக்கிய செயற்கை வால்வு 1990இல் முதன்முதல் பொருத்தப்பட்டது.

மயூர் விஹாரின் மார்கழிக் குளிரில் தொண்டை நோகாத குழந்தை ஏது? மிளகுக் கஷாயத்தை நாம் பழிக்கவில்லை. எல்லாப் புண்ணும் இக்கிருமியால் வருவதன்று. எனினும் காய்ச்சலும் விழுங்க வலியும் சேர்ந்தால் டாக்டரிடம் காட்டுக. இக்கிருமியே எனத் தெரிந்து, 9 நாட்களுக்குள் பென்சிலின் தொடங்கினால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். முன்னரே அது கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை, பல்லாண்டுகள் பென்சிலின் ஊசி போடவேண்டும்.