கட்டாயக் காவல்

2025ஆம் வருஷம் நவம்பர் மாதம் 28ந் தேதி இந்திய சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகா, கைப்பேசி தயாரிக்கும் கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய கைப்பேசியிலும் 'சஞ்சார் சாத்தி' என்னும் சர்க்கார் செயலி 90 நாட்களுக்குள் முன்கூட்டியே பதிக்கப்பட வேண்டும். தயாராகிக் கடைகளுக்கு வந்துவிட்ட கருவிகளில் மென்பொருள் புதுப்பிப்பின் மூலம் அதைச் சேர்க்க முயல வேண்டும். அதன் செயல்கள் எவையும் முடக்கப்படவோ குறைக்கப்படவோ கூடாது என்பது அவ்வுத்தரவின் சாரம். ஐந்து நாட்கள் சென்று, டிசம்பர் 3ந் தேதி, கட்டாயத்தைச் சர்க்காரே வாபஸ் பெற்றுக்கொண்டது. அத்துடன் விஷயம் முடிந்தது என்று பலர் மறந்துவிட்டனர். முடியவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் செயலிக்கு நியாயம் செய்வோம். ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. *#06# என்று அழுத்தினால் எவரும் தம் கருவியின் எண்ணைக் காணலாம். கருவி களவு போனால், அந்த எண்ணைக் கொண்டு நாட்டின் எந்தக் கம்பெனியின் இணைப்பிலும் அது வேலை செய்யாதபடி முடக்குவதற்குச் சஞ்சார் சாத்தி வழி செய்கிறது. நம் பெயரால் நமக்குத் தெரியாமல் வாங்கப்பட்ட ஸிம் கார்டுகள் உண்டா என்றும் அதில் பார்க்கலாம். 2023 மே மாதம் வலைத்தளமாகவும் 2025 ஜனவரியில் செயலியாகவும் வெளிவந்த இவ்வேற்பாட்டினால் 42 லட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் முடக்கப்பட்டன என்றும், 26 லட்சத்துக்கு மேற்பட்டவை இருக்குமிடம் அறியப்பட்டன என்றும் 2025 இறுதியில் சர்க்கார் கணக்குக் கொடுத்தது. 2024ஆம் வருஷத்தில் இணைய மோசடிக்காரர்களிடம் இந்தியர் பறிகொடுத்த தொகை சுமார் 22,845 கோடி ரூபாய் என்று பார்லிமெண்டிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பென்ஷன் பணத்தையும் மகள் கலியாணத்துக்குச் சேர்த்த பணத்தையும் ஒரே பிற்பகலில் இழந்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. இந்நிலையில் காவல் வேண்டாம் என்று எவரும் சொல்லார்.

சர்க்கார் நல்ல பூட்டு ஒன்றைச் செய்து கடைத்தெருவில் வைக்கட்டும். வேண்டுபவர் வாங்கிக் கொள்ளட்டும். ஆனால், சர்க்கார் சேவகனே வந்து என் வீட்டுக் கதவில் அப்பூட்டை மாட்டி, "இதை நீ கழற்றலாகாது" என்று சொல்வானாகில், அது என் வீட்டுக்குக் காவலா, எனக்குக் காவலா என்று கேட்க எனக்கு உரிமையுண்டு. ஆண்ட்ராய்டு கருவிகளில் இச்செயலி கேட்கும் அனுமதிகள் கொஞ்சமல்ல. அழைப்புகளை நிர்வகிக்க வேண்டும், குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், அழைப்புகளின் பதிவைப் பார்க்க வேண்டும், படங்களையும் கோப்புகளையும் எடுக்க வேண்டும், காமிராவும் வேண்டும். மோசடி அழைப்பைப் பற்றிப் புகார் கொடுப்பவருக்கு இவற்றுள் சில அவசியமே. புகாரே கொடுக்காத கோடானுகோடி பேரின் கருவிகளில் இவ்வனுமதிகளைக் கேட்கும் செயலி குடியிருக்க வேண்டுவதன் அவசியம் என்ன?

உத்தரவு பிறந்த விதம் அதன் பொருளைக் காட்டிலும் மோசம். ஜனங்களின் பாதுகாப்புக்காக என்று சொல்லப்பட்ட ஏற்பாடு, ஜனங்களுக்கு அறிவிக்கப்படாமல் கம்பெனிகளுக்கு மட்டும் அனுப்பப்பட்டது. செய்தி நிறுவனம் ஒன்று வெளியிட்ட பிறகே நாடு அதை அறிந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், டிசம்பர் 2ந் தேதி மந்திரி ஸ்ரீ ஜோதிராதித்ய சிந்தியா, வேண்டாதவர்கள் செயலியை நீக்கிவிடலாம் என்றார். முடக்கக் கூடாது என்பது உத்தரவு. நீக்கிவிடலாம் என்பது மந்திரியின் வாக்கு. இரண்டில் எது சட்டம் என்று கம்பெனிக்காரன் எப்படி அறிவான்? மறுநாள் வாபஸ் அறிக்கை வந்தது. அதில் கூறப்பட்ட காரணம் இன்னும் விசித்திரமானது. செயலிக்கு ஆதரவு பெருகி வருகிறதாம். ஒரே நாளில் 6 லட்சம் பேர் சேர்ந்தார்களாம். ஆகையால் கட்டாயம் தேவையில்லையாம்! பிரஜையின் கருவியில் அவன் சம்மதமின்றிப் புகுவதற்குத் தனக்கு அதிகாரமில்லை என்று சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 2024ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள் காட்டப்படுகின்றன. திருத்தி மோசடி செய்யப்பட்ட கருவிகள், எண்கள் சம்பந்தமாக உதவும்படி கம்பெனிகளுக்குக் கட்டளையிட அவ்விதிகள் இடம் தருகின்றன. திருட்டு வண்டியைக் கண்டுபிடிக்க உதவு என்று கட்டளையிடும் அதிகாரம், ஊரிலுள்ள ஒவ்வொருவர் வண்டியிலும் ஒரு போலீஸ்காரரை உட்கார வைக்கும் அதிகாரமாகிவிடுமா? 2017 ஆகஸ்டு 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமையில் கைவைக்கச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும். இங்கே நோக்கம் உண்டு. மற்ற இரண்டையும் காணோம். 2023ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காக்குமே என்பாருக்கு, அதன் 17ஆம் பிரிவைப் படிக்கும்படி சொல்வோம். தான் குறிப்பிடும் சர்க்கார் அங்கங்களை அச்சட்டத்திலிருந்து மத்திய சர்க்காரே விலக்கிவிடலாம்.

இது வீண் சந்தேகம் என்று சிலர் நகைப்பர். 2020ஆம் வருஷத்தில் கொரோனாவை முன்னிட்டு வந்த 'ஆரோக்ய சேது' அவர்களுக்கு ஞாபகமிருக்கட்டும். ஏப்ரலில் இஷ்டப்பட்டவர்களுக்கு என்று வந்தது. மே 1ந் தேதி உத்தரவில் அலுவலக ஊழியர் அனைவருக்கும் கட்டாயமாயிற்று. மே 17ந் தேதி கட்டாயம் தளர்ந்தது. அதை உண்டாக்கியவர் யார் என்று தகவலுரிமைச் சட்டப்படி கேட்டபோது சர்க்கார் இலாகாக்கள் திருப்தியான பதில் தராததால், அக்டோபரில் மத்தியத் தகவல் கமிஷன் கண்டிக்க நேர்ந்தது. பிறகு பெகாஸஸ் விவகாரம். சுப்ரீம் கோர்ட் நியமித்த கமிட்டி, தான் பரிசோதித்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாஸஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை என்றும் கூறிற்று. விசாரணைக்குச் சர்க்கார் ஒத்துழைக்கவில்லை என்று அக்கமிட்டி தெரிவித்ததை, 2022 ஆகஸ்டில் பிரதம நீதிபதியே கோர்ட்டில் எடுத்துச் சொன்னார்.

சர்க்காரின் எண்ணம் தூயதாகவே இருக்கட்டும். அப்பொழுதும் ஓர் அபாயம் உண்டு. கோடிக்கணக்கான கருவிகளில் ஒரே செயலியைக் கட்டாயமாகப் புகுத்தினால், அதில் ஒரு பழுது காண்கிற திருடனுக்கு அத்தனை வீடுகளின் கதவும் ஒருங்கே திறக்கும். 2017 மே மாதத்தில் சுமார் 150 தேசங்களில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் பறித்த 'வானாக்ரை', அமெரிக்க சர்க்காரின் வேவு ஸ்தாபனம் தன் உபயோகத்துக்கென்று மறைத்து வைத்திருந்து, பிறகு வெளியில் கசிந்த ஒரு கள்ளச்சாவியைக் கொண்டுதான் உள்ளே புகுந்தது. மைக்ரோஸாப்ட் மார்ச்சிலேயே வெளியிட்ட திருத்தத்தைப் போட்டுக்கொண்டவர்கள் அப்புகுதலிலிருந்து தப்பினர்.

வீட்டில் கருவி வைத்திருப்போர் அதிலிருந்து அறிய வேண்டுவது ஒன்றுண்டு. வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப் போடாதிருத்தலும், வாட்ஸ்ஆப்பில் கலியாணப் பத்திரிகை என்று வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறவாதிருத்தலும், ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதிருத்தலும், பணம் போன உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தலும் எந்தக் கட்டாயச் செயலியையும்விடப் பலன் தருபவை. 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்குமில்லை என்பதைப் பாட்டிமாருக்குச் சொல்லி வைப்பது அதனினும் முக்கியம். மோசடிக்காரன் பெரும்பாலும் நம் அச்சத்தின் வழியே நுழைகிறான். அச்சத்தை நீக்கும் செயலியை எந்த இலாகாவும் இன்னும் செய்யவில்லை.

கம்பெனிகளும் யோக்கியமல்ல. புதுக் கைப்பேசியை வாங்கித் திறந்தால் நாம் கேளாத விளையாட்டும் கடையும் விளம்பரமும் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. சிலவற்றை நீக்கவே முடிவதில்லை. சர்க்கார் நம் மீது அன்பு கொண்டிருந்தால், அவற்றையும் நீக்கும் உரிமையை நமக்கு வாங்கித் தந்திருக்கலாம். அதை விட்டு, அக்கூட்டத்தில் தானும் ஒருவராகச் சேரப் பார்த்தது. ரஷ்யாவில் 2025 செப்டம்பர் 1ந் தேதி முதல் விற்கப்படும் கருவிகளில் 'மாக்ஸ்' என்னும் செயலி இருந்தாக வேண்டும் என்று விதித்தனர். குடியரசுத் தேசம் ஒன்று பின்பற்றத் தக்க வழி அதுவன்று.

இனி இவ்வகை உத்தரவு எதுவானாலும், கம்பெனிகளுக்கு அனுப்பும் முன் அதன் நகல் ஜனங்களின் அபிப்பிராயத்துக்கு வெளியிடப்பட வேண்டும். சர்க்கார் செயலிகளின் மூலநிரல், வல்லுநர் எவரும் சோதிக்கும்படி திறந்து வைக்கப்பட வேண்டும். கருவி யாருடையதோ அவருக்கு எந்தச் செயலியையும் நீக்கும் உரிமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். எந்த விதியின்கீழ் நவம்பர் 28ந் தேதி உத்தரவு பிறந்ததோ, அந்த விதியின்கீழ் இன்னொன்று பிறக்கத் தடை என்ன என்று நமது பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் மந்திரியை எழுத்து மூலமாகவே கேட்பார்களாக.