கிளினிக் நாளுக்கும் பேர் போடுங்கள்

ஒக்டோபர் மாதத்தில் உலகமெங்கும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு ஓட்டங்கள் நடக்கின்றன. இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள், நடக்கிறார்கள். சேரும் பணம் இலவசப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் போகிறது. அப்படியோர் ஓட்டம் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியிலும் நடக்க வேண்டும். மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் வட்டாரத்துத் தோட்டப் பெண்களுக்காக நடக்க வேண்டும். ஆனால் அதில் சேரும் பணம் இன்னுமொரு ஒருநாள் முகாமோடு கரைந்துவிடக் கூடாது. பரிசோதனைக்குப் போகும் பெண் அன்றைய சம்பளத்தை இழக்காமல் இருக்க அது உதவ வேண்டும். தோட்டப் பதிவில் உள்ள பெண்கள் விடயத்தில் அந்தப் பொறுப்பைத் தோட்டக் கம்பனிகளே நிரந்தரமாக ஏற்க வேண்டும், அரசாங்கம் அதைச் சட்டமாக்க வேண்டும்.

நம் நாட்டில் பரிசோதனை ஏற்கெனவே இலவசம்தான். 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள்தோறும் சுவநாரி கிளினிக்குகள் நடக்கின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையோடு மார்பகப் பரிசோதனையும் அங்கே செய்யப்படுகிறது. 20 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மாதம் ஒருமுறை தம் மார்பகத்தைத் தாமே தொட்டுப் பார்க்க வேண்டும், 40 வயது வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்ட வேண்டும் என்பது சுகாதாரத் துறையின் அறிவுரை. இதில் எதற்கும் ஒரு சதமும் அறவிடுவதில்லை. அப்படியிருந்தும் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அந்தக் கிளினிக் எட்டாத தொலைவில் இருக்கிறது. தூரமும் வெட்கமும் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

கணக்கைப் பார்ப்போம். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின்படி தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்ந்தது. வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபா வருகை ஊக்கத்தொகையை அரசாங்கம் தனியே சேர்த்தது. மொத்தம் 1,750 ரூபா. காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு) போகாமல் கிளினிக் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த 1,750 ரூபாவும் இல்லை. அரைநாளில் திரும்பி வந்தாலும், மலைக்குப் போய்ச் சொன்ன கிலோவை எடுக்க நேரம் போதாது, அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போடுவார்கள். பஸ் காசு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், கூடவே வரும் மகளுக்கும் அன்றைய பேர் இல்லை என்று செலவு வளர்கிறது. வருகையைக் கூட்டுவதற்காகக் கொடுக்கும் ஊக்கத்தொகை, உடம்பைக் காட்டப் போகும் பெண்ணிடமிருந்து சம்பளத்தோடு சேர்ந்து கழிகிறது. சம்பள உயர்வை நாம் வரவேற்கிறோம். நாட்சம்பளம் உயர உயர ஒரு நாளை இழப்பதன் விலையும் உயர்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அதுவும் ஒரு நாளோடு முடிவதில்லை. கிளினிக்கில் குடும்பநல மாதுவின் கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டால் வைத்தியசாலைக்குக் கடிதம் கிடைக்கும். அங்கே வைத்தியர் பார்க்க ஒரு நாள், ஸ்கேன் அல்லது மெமோகிராம் எடுக்க ஒரு நாள், கட்டியிலிருந்து சதைத்துணுக்கு எடுக்க ஒரு நாள், அறிக்கை வாங்க ஒரு நாள். முதல் கிளினிக்கோடு சேர்த்தால் ஐந்து நாள். சம்பளமாக மட்டும் 8,750 ரூபா. இத்தனைக்கும் அது புற்றுநோய்தானா என்ற பதில் மட்டுமே அதுவரை கிடைத்திருக்கும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல என்பது நல்ல செய்திதான். ஆனால் அந்த நல்ல செய்தியைக் கேட்கவும் அவள் ஐந்து நாள் பேரை இழக்க வேண்டியிருக்கிறது. புற்றுநோய்தான் என்று உறுதியானால் கண்டிக்கோ மகரகமைக்கோ மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

இதனால்தான் “வலி இல்லையே, பார்ப்போம்” என்று நாட்கள் தள்ளிப்போகின்றன. மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாத கட்டி, அக்குளில் வீக்கம், தோலில் குழி, உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவைதான் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். நாளெல்லாம் தலையில் கூடைக்கயிறு மாட்டி, மழையிலும் வெயிலிலும் நிமிராமல் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தோளும் மார்பும் முதுகும் நோகாத நாளில்லை. வலிக்கும் இடத்துக்கே தைலம் தேய்த்துவிட்டு வேலைக்குப் போகிறவள், வலிக்காத கட்டிக்காக ஐந்து நாள் சம்பளத்தை விடுவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அறியாமை என்று அவளைக் குறைசொல்வதற்கு முன் இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்தான் இலங்கைப் பெண்களிடம் மிக அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய். பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று. உலக அளவில் 2022இல் 23 இலட்சம் பேருக்கு இது கண்டறியப்பட்டது, 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர். ஆரம்பக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றக்கூடிய நோய் இது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டம் நாடுகளுக்கு மூன்று இலக்குகளை வைத்திருக்கிறது. நோயாளிகளில் குறைந்தது 60 வீதத்தினரை முதல் இரண்டு கட்டங்களிலேயே கண்டறிய வேண்டும். வைத்தியரிடம் முதன்முதலாக வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோயை உறுதிசெய்ய வேண்டும். 80 வீதத்தினராவது சிகிச்சையை இடையில் விடாமல் முடிக்க வேண்டும். இந்த மூன்றுமே நாட்களைப் பற்றியவை. நாட்சம்பளத்தில் வாழும் பெண்ணுக்கு நாள்தான் கையிருப்பு.

பணம் சேர்ந்தால் முதலில் இயந்திரம் வாங்கத் தோன்றும். நடமாடும் மெமோகிராம் வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் படமெடுக்கவும் செய்தி போடவும் வசதி. ஆனால் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வு வேறொரு வழியைக் காட்டுகிறது. 1998இல் தொடங்கி 20 ஆண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். ஒரு பகுதியினரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். முற்றிய நிலையில் கண்டறியப்பட்ட நோய் மற்றப் பகுதியினரிடம் 47 வீதமாக இருந்தது, பரிசோதிக்கப்பட்டவர்களிடம் 37 வீதமாகக் குறைந்திருந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது. வயது குறைந்த பெண்களிடம் அந்த அளவு பயன் தெரியவில்லை. ஆகவே 50 வயதைக் கடந்தவர்களுக்கு முதலிடம் கொடுப்பதே முறை. 2021இல் வெளியான இந்த முடிவு சொல்வது இதுதான்: நல்ல பயிற்சி பெற்ற கையும், தவறாமல் திரும்ப வரும் ஏற்பாடும் இருந்தால் ஏழைப் பெண்களின் உயிரைக் காக்க முடியும்.

சீனாவின் ஷங்காய் நகரில் ஆடைத்துணி ஆலைகளில் வேலை செய்த 2 இலட்சத்து 66 ஆயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. மார்பகத்தைத் தாமே தொட்டுப் பார்ப்பதை அவர்களில் ஒரு பகுதியினருக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அதனால் மட்டும் மரணம் குறையவில்லை. தன் உடலைத் தான் அறிவது நல்லது, அதை விட வேண்டாம். ஆனால் துண்டுப்பிரசுரம் கொடுத்து “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பெண்ணின் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டு நிறுவனங்கள் ஒதுங்குவதற்கு அந்த முடிவில் இடமில்லை.

ஓட்டமும் நடையும் வீண் வேலை என்று சிலர் சொல்லக்கூடும். நம் நாட்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் ‘ட்ரெயில்’ நடை நடந்தது. அதில் திரண்ட பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் வடக்கிலிருந்து தெற்காக நடந்து காலி கராப்பிட்டியவுக்குப் பணம் திரட்டினார்கள். தமிழ்நாட்டில் கோவை மரதன் ஓட்டம் 2013 முதல் கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிறது. நடப்பது மலையக மக்களுக்கும் புதிதல்ல. முன்னோர் வந்து 200 ஆண்டு நிறைவில், 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணம் நாடறிந்தது. வடக்கிலும் தெற்கிலும் அந்த நடைகளின் தேவை வைத்தியசாலையாக இருந்தது. இங்கே 150 கட்டில்களோடு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டு நிற்கிறது. நமது தேவை, லயத்திலிருந்து அந்த வாசலுக்குப் போய் முடிவு தெரியும்வரை ஒரு பெண்ணைக் கைவிடாத ஏற்பாடு.

ஆகவே நல்லதண்ணி ஓட்டத்துக்கு நமது யோசனை இது. டிசம்பர் பௌர்ணமியில் யாத்திரைக் காலம் தொடங்குவதற்கு முன், ஒக்டோபரில் அதை நடத்தலாம். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஓடுவோரை அழைக்கலாம். பதிவுக் கட்டணத்தை ஒரு தொழிலாளியின் ஒருநாள் வருமானமான 1,750 ரூபாவாக வைக்கலாம். ஒருவர் ஓடினால் ஒரு பெண்ணின் ஒரு நாள் காக்கப்படும். சட்டை, பதக்கம், மேடை, பந்தல் செலவுகளை அனுசரணையாளர்கள் ஏற்கட்டும். பதிவுக் கட்டணத்திலிருந்து ஒரு ரூபாவும் அதற்குப் போகக் கூடாது. வரவு செலவுக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு தோட்டத்தின் பிரட்டுக்களத்திலும் ஒட்ட வேண்டும். எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள் என்பதோடு, கட்டி இருந்தவர்களில் எத்தனை பேருக்கு 60 நாட்களுக்குள் முடிவு தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெயர்களை வெளியிடக் கூடாது.

அந்தப் பணம் யாருக்கு முதலில் போக வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். தோட்டப் பதிவில் பெயருள்ள பெண்களின் நாளுக்குக் கம்பனிதான் பொறுப்பு. கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பவர்கள், ஓய்வுபெற்ற அம்மாக்கள், வெளியே வீட்டுவேலைக்குப் போகிறவர்கள் ஆகியோருக்குப் பேர் போட யாரும் இல்லை. மும்பை ஆய்வில் பயன் தெரிந்த வயதினர் இவர்களிடையேதான் நிறைய இருக்கிறார்கள். திரட்டிய பணம் இவர்களின் நாட்சம்பளத்துக்கும் பஸ் காசுக்கும், பரிசோதனை தொடங்கி முடிவு வரும்வரை கூடவே சென்று தமிழில் விளக்கிச் சொல்லும் ஒரு பெண்ணின் ஊதியத்துக்கும் போகட்டும். தமிழ் பேசும் குடும்பநல மாதுகள் போதாமை மலையகத்தின் நீண்டநாள் குறை. மார்பில் கட்டி என்பதைப் பிறர் உதவியோடு வேற்று மொழியில் சொல்ல நேரும் பெண், பாதியைச் சொல்லாமலே திரும்பிவிடுவாள்.

கம்பனிகள் செலவைக் காரணம் காட்டலாம். மாதம் 25 நாள் வேலை செய்யும் பெண்ணுக்கு ஆண்டில் 300 வேலைநாள். அதில் ஒரு நாளைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் முந்நூறில் ஒரு பங்கு. ஐந்து நாளும் தேவைப்படுவது கட்டி கண்ட சிலருக்கு மட்டுமே. இலங்கைத் தேயிலையின் நற்பெயரை உலகச் சந்தையில் தூக்கி நிறுத்தியவை அந்தப் பெண்களின் விரல்கள். அவர்களுக்கு ஆண்டில் ஒரு நாள் தருவது தர்மம் அல்ல, கடன்.

டித்வா புயல் 2025 நவம்பர் இறுதியில் மலையகத்தை உலுக்கிய பிறகு, வீடும் காணியும்தான் முதல் தேவை, மற்றவை பிறகு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பான வீடும் சொந்தக் காணியும் கேட்கும் குரலோடு நாமும் நிற்கிறோம். ஆனால் நோய் வரிசையில் காத்திருக்காது. புதிய வீட்டுக்குக் குடிபோகும்போது அந்த வீட்டின் தாய் உயிரோடு இருக்க வேண்டும்.

தர்மப் பணத்தால் செய்தால் அரசாங்கம் தப்பித்துக்கொள்ளும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. அதனால்தான் ஓட்டத்தையும் கோரிக்கையையும் பிரிக்கக் கூடாது என்கிறோம். ஓடுகிறவர்கள் பணத்தோடு ஒரு மனுவையும் சுமந்து வரட்டும்.

அந்த மனுவில் நான்கு கோரிக்கைகள் இருக்க வேண்டும். ஒன்று, 35 வயதைக் கடந்த ஒவ்வொரு பெண் தொழிலாளிக்கும் ஆண்டில் ஒரு கிளினிக் நாளை, வருகை ஊக்கத்தொகையோடு முழுப்பேராகக் கணக்கிட வேண்டும். இரண்டு, வைத்தியசாலைக் கடிதம் பெற்றவர்களுக்கு முடிவு தெரியும்வரை போகும் நாட்களுக்கும் அதே உரிமை வேண்டும். மூன்று, சுவநாரி கிளினிக்கை மாதம் ஒருமுறையாவது தோட்ட டிஸ்பென்சரிக்கோ பிள்ளைமடுவத்துக்கோ கொண்டுவர வேண்டும். தமிழ் பேசும் குடும்பநல மாதுகளுக்கு மார்பகப் பரிசோதனையில் தொடர்பயிற்சி வேண்டும். நான்கு, டிக்கோயா வைத்தியசாலையில் மார்பகக் கட்டிகளுக்கென வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, பரிசோதனைகளை இயன்றவரை அன்றே முடித்துத் தர வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் ரூபாய்க் கணக்கோடு எழுந்துவிடும் பழக்கம் இனிப் போதாது. சந்தா கட்டும் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கும் சங்கம், அடுத்த பேச்சில் கிளினிக் நாளை முதல் வரியில் எழுத வேண்டும். தலைவர்கள் அதை மறந்தால் மாதர் சங்கங்கள் நினைவூட்ட வேண்டும். கணவன்மாரும் அண்ணன் தம்பிமாரும் மகன்மாரும் ஓட்டத்தில் ஓடுவதோடு நிற்காமல், கிளினிக் நாளன்று சமைத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஓட்டத்தை நடத்த ஊரும் இளைஞர்களும் முன்வந்தால் ஒரு பருவத்தில் பணம் திரண்டுவிடும். சட்டத்துக்கு அரசாங்கத்தின் கையெழுத்து வேண்டும், பேர்ப் புத்தகத்துக்குக் கம்பனியின் கையெழுத்து வேண்டும். அந்த இரண்டு கையெழுத்துகளும் விழாதவரை, தோட்டப் பெண்ணுக்குப் பரிசோதனை இலவசம் என்று யாரும் சொல்லக் கூடாது.