ஊர் திரும்பும் உடம்பு

ஸ்கார்பரோவிலும் ஹாரோவிலும் சூரிச்சிலும் வளர்ந்த தமிழர்கள் விடுமுறைக்குச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வரும்போது, கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்விட்டு அப்படியே ஒரு சித்த வைத்தியரையும் பார்த்துவிட்டுத் திரும்புவது இன்று அரிதல்ல. தீராத முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, தோல் அரிப்பு, தூக்கமின்மை, சர்க்கரை எனக் காரணங்கள் பல. இவ்வகைப் பயணிகளை எதிர்பார்த்தே இந்திய அரசு 2023 ஜூலையில் மரபு மருத்துவச் சிகிச்சைக்கென ஆயுஷ் விசா என்று தனிப்பிரிவை அறிவித்தது. சிகிச்சைக்குப் பின் உடம்பு தேறியது என்று அவர்கள் சொல்வதை ஐயப்பட எனக்குக் காரணமில்லை. ஆனால் அவர்களைத் தேற்றியது எது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் குணத்தில் ஒரு பெரும்பங்கு, பெட்டியில் ஏறும் சூரணத்திலோ லேகியத்திலோ இல்லை. நோயாளி கேட்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. அது அவர் வாழும் நாட்டிலேயே கிடைத்திருக்க வேண்டியது. மருந்தோ, எந்த மருந்தும் போகவேண்டிய சோதனைக்குப் போகவேண்டியது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பதால் நோயாளிக்கும் நட்டம், சித்த மருத்துவத்துக்கும் நட்டம்.

இரு பண்பாடுகளுக்கு நடுவே வளரும் பிள்ளை உடம்பைப் பற்றி இரண்டு விளக்கங்களைக் கேட்டு வளர்கிறது. வீட்டில் சூடு, குளிர்ச்சி, வாயு, பித்தம். எதைத் தின்றால் எது கூடும், எண்ணெய் தேய்த்தால் எது தணியும் என்ற அம்மம்மாவின் கணக்கு. பள்ளியிலும் மருத்துவமனையிலும் கிருமி, ஹார்மோன், ரத்தப் பரிசோதனை எண்கள். ஒன்றில் சொன்னது மற்றொன்றில் செல்லுபடியாவதில்லை. பிரிட்டனில் குடும்ப மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் வழக்கமாகப் பத்து நிமிடம். 'உடம்பெல்லாம் உளைகிறது, நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது' என்று ஒரு தாய் சொல்வதைப் பதினான்கு வயது மகள் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பத்து நிமிடம் தீர்ந்துவிடும். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று முடிவு வரும். ஒன்றும் இல்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதே பெண் ஊருக்கு வந்து வைத்தியர் முன் உட்காரும்போது, மலச்சிக்கல் உண்டா, கனவு வருகிறதா, எந்த நேரத்தில் வலி கூடுகிறது, வீட்டில் யாருக்கு இப்படி இருந்தது, மனதில் என்ன கவலை என்று வரிசையாகக் கேள்விகள் வருகின்றன. கை பிடித்து நாடி பார்க்கப்படுகிறது. அவள் சொல்வது அப்படியே புரிந்துகொள்ளப்படுகிறது. இதற்கு மருத்துவ மதிப்பு எதுவும் இல்லை என்று நினைப்பவர்கள் ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டும்.

ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்ட்சக்கும் சக ஆய்வாளர்களும் 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு அது. எரிச்சல் கொண்ட குடல் நோயால் அவதிப்பட்ட 262 பேர் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் பிரிவுக்குச் சிகிச்சை இல்லை, காத்திருப்புப் பட்டியல் மட்டும். இரண்டாம் பிரிவுக்குத் தோலைத் துளைக்காத போலி அக்குபங்சர் ஊசி. பேச்சு மிகக் குறைவு. மூன்றாம் பிரிவுக்கும் அதே போலி ஊசிதான். ஆனால் சிகிச்சையாளர் முதல் சந்திப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, நோய் வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது, அதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள் என்று பரிவோடு கேட்டார். மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் கிடைத்தது என்றவர்கள் முதல் பிரிவில் 28 சதவீதம், இரண்டாவதில் 44, மூன்றாவதில் 62. ஊசி கடைசி இரண்டு பிரிவுகளிலும் ஒன்றே. கூடுதலாகக் கிடைத்தது மனிதர் ஒருவர் கவனித்துக் கேட்டது மட்டுமே. வலி, குடல், தூக்கம், களைப்பு போன்ற தொல்லைகளில் இது கணிசமாக வேலை செய்யும். புற்றுக் கட்டியையோ ரத்தச் சர்க்கரையையோ பரிவு கரைத்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊர்ப் பயணத்தில் தேறியவர்களின் பட்டியலில் முதல் வகைத் தொல்லைகளே அதிகம் இருப்பதில் வியப்பில்லை.

இப்படிச் சொன்னதும் ஒரு மறுப்பு வரும். சித்த மருத்துவத்தை வெறும் ஆறுதல் வார்த்தையாகக் குறைக்கிறீர்கள், தலைமுறை தலைமுறையாகக் கைகண்ட மருந்துகளை அவமதிக்கிறீர்கள் என்பது அது. பழைய மருத்துவங்களில் வலிமையான மருந்துகள் உண்டு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1949இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளிடம் அளந்து காட்டிய பிறகே உலகம் அதை எடுத்துக்கொண்டது. மனச்சோர்வு என்ற பக்கவிளைவும் அதன்பின் தெரியவந்தது. சீனப் பழைய ஏட்டில் இருந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, கொதிக்கவைக்காமல் சாறெடுத்து, மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் மருந்தைக் கண்டெடுத்த சீன ஆய்வாளர் தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. இருவரும் மரபை நம்பியதோடு நிற்கவில்லை, அளந்தார்கள். மரபைப் பெருமைப்படுத்துவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

நீண்டகாலப் பயன்பாடே போதிய சான்று என்பார்கள். உடனே தெரியும் நஞ்சை அனுபவம் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். ஆண்டுகள் கழித்து வரும் கேட்டை எந்த வைத்தியராலும் தன் அனுபவத்தில் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய ஒரு சீன மூலிகைக் கலவையை எடுத்துக்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனச் செடி கலந்துவிட்டதே காரணம். அந்தச் செடியின் அமிலம் சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்குகிறது. நாம் பாம்புக்கடிக்கும் விஷத்துக்கும் சொல்லிவரும் ஈசுவரமூலியும், ஆடுதீண்டாப்பாளையும் இதே இனத்தவை. இந்தக் கேடு பழைய ஏடுகளில் இல்லையே என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஏடுகளின் மரபும் தேங்கி நின்றதில்லை: சீனத்து வேரான பறங்கிப்பட்டை, போர்த்துக்கீசியர் காலத்துக் கடல் வணிகத்தில் பரவி நம் வைத்தியத்தில் இடம்பிடித்தது. புதிதாக வந்ததை ஏற்றுக்கொண்ட மரபு, புதிதாகத் தெரியவந்த தீமையையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பயணியின் பெட்டிக்கு வருவோம். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்ததை ஆய்வாளர் ராபர்ட் சேப்பரின் குழு 2004இல் ஜாமா மருத்துவ இதழில் காட்டியது. 2008இல் இணையத்தில் விற்ற 193 மருந்துகளைச் சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் உலோகம் இருந்தது; அமெரிக்காவில் செய்தவையும் இந்தியாவில் செய்தவையும் இதில் கிட்டத்தட்ட ஒரே நிலைதான். முறைப்படிச் சுத்தி செய்த பற்பத்திலும் செந்தூரத்திலும் உலோகம் கெடுதி செய்யாது என்பது சித்த மருத்துவர்களின் பதில். அப்படியே இருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் அதைச் சோதித்துக் காட்டுவது அவர்களுக்கே பலம். ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்குக் கன உலோகச் சோதனையை இந்திய அரசு 2006 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் உறவினர் கொடுத்ததாகப் பையில் போகும் பொட்டலம் எந்த ஏற்றுமதிச் சோதனைக்கும் உட்படுவதில்லை. இதைவிடப் பெரிய ஆபத்து மௌனம். குளோர்புரோபமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையை எடுத்துவந்த, பிரிட்டனில் வாழ்ந்த ஓர் ஆசியப் பெண் பாகற்காயும் சாப்பிட்டுவந்ததால் அவருடைய சர்க்கரைக் கணக்கு மாறியதை 1979இலேயே லான்செட் மருத்துவ இதழ் பதிவு செய்தது. பாகற்காய்க்கே அப்படி என்றால், பெயர் எழுதாத சூரணத்தை ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு சேர்த்து எடுப்பவரின் நிலை என்ன? மருத்துவர் ஏளனம் செய்வார் என்ற அச்சத்தில் நோயாளி சொல்வதில்லை. சொல்லாததால் மருத்துவருக்கும் தெரிவதில்லை.

ஆளுக்கு ஆள் மாறும் சிகிச்சையை மாத்திரையைப்போல் சோதிக்க முடியாது என்பது இன்னொரு மறுப்பு. ஒரு மருந்தைத்தான் சோதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்கி, ஒரு குழுவைச் சித்த வைத்தியர் தம் விருப்பப்படி ஆளுக்கேற்ப நடத்தட்டும், மற்றதற்கு வழக்கமான சிகிச்சை கிடைக்கட்டும், முடிவுகளை ஒப்பிடலாம். தாம்பரத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த நிறுவனத்துக்கு இதைச் செய்ய நோயாளிகளும் இருக்கிறார்கள், மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

கேட்பதும் மருந்தும் தனித்தனியே வழங்கக்கூடியவை என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே முன்னோடி உண்டு. 1847 முதல் 1873 வரை அங்கே பணிசெய்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், நாட்டு வைத்தியத்தைப் பரப்ப வந்தவரல்லர். மேலை மருத்துவத்தையே கொடுத்தார், ஆனால் தமிழில் கொடுத்தார். பிரசவம், அறுவை, உடற்கூறு பற்றிய நூல்களை மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார்; மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். ஊர்மக்களோடு இருந்து அவர்கள் மொழியில் பேசும் மருத்துவர்கள் வேண்டும் என்பது அவர் நோக்கம். டொராண்டோவிலும் லண்டனிலும் இன்று தமிழ் பேசும் மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் பஞ்சமில்லை. முதல் சந்திப்பில் அரை மணி நேரமும், பிள்ளைக்குப் பதிலாகப் பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளரும், 'வேறு என்ன எடுக்கிறீர்கள்' என்ற ஏளனமற்ற கேள்வியும் கிடைத்தால், பலருக்கு விமானச் சீட்டு வாங்கும் தேவையே இராது. மரபு வைத்தியரிடமே போக விரும்புவோரைப் பொறுத்தவரை, மலேசியா 2016இல் மரபு மருத்துவச் சட்டம் இயற்றி, இந்திய மரபு மருத்துவர்களையும் பதிவுக்குள் கொண்டுவந்தது; யாரிடம் போகிறோம் என்றாவது அங்கே நோயாளிக்குத் தெரியும்.

இந்தியப் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. ஆயுஷ் விசா கொடுத்து அழைக்கும் அரசு, சிகிச்சை முடிந்து திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுக்கும்படி மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் நோயின் பெயர், கொடுத்த ஒவ்வொரு மருந்திலும் உள்ள மூலிகைகளின் தாவரவியல் பெயர், தயாரிப்புத் தொகுதி எண், உலோகச் சோதனையின் முடிவு, எந்த ஆங்கில மருந்தோடு சேரக்கூடாது என்ற எச்சரிக்கை ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளைக் கொடுக்க மறுக்கும் இடத்திலிருந்து மருந்து வாங்காதீர்கள் என்று வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு இந்த விடுமுறைக்கு முன்பே சொல்லலாம்.