காட்டுக்கு நிரந்தர ஆள் வேண்டும்

விருதுநகர் மாவட்டத்தில் காட்டு வேலைக்குக் குறைவில்லை; காட்டு உத்தியோகம்தான் குறைவு. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமான ஸ்ரீவில்லிபுத்தூர் மலை, மேகமலையோடு சேர்ந்து 2021 பிப்ரவரியில் நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகம் ஆயிற்று. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். கண்ணி வைப்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறும் கூட்டத்தைக் காட்டாற்றில் சிக்காமல் இறக்கிவிட வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பங்கு, தற்காலிகமாக அமர்த்தப்பட்ட வேட்டைத் தடுப்புக் காவலர்களின் தலையில் விழுகிறது. யானைத் தடத்தை இருட்டிலும் அறிகிற இவர்களுக்குப் பணி உயர்வும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

நிரந்தர வேலைக்கான வாசலோ குறுகலானது. வனக்காப்பாளர், வனக்காவலர் இடங்கள் 2024 முதல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் சேர்ந்துவிட்டன. இளநிலை உதவியாளர் வேலைக்குப் படிக்கும் லட்சக்கணக்கானோர் எழுதும் அதே தேர்வை எழுதித்தான் செண்பகத்தோப்புப் பளியர் பழங்குடி வீட்டுப் பையனும் காட்டுக்குள் வேலை பெற வேண்டும். இலக்கணக் கேள்வியில் வென்றவர் நல்ல காவலராகவும் இருக்கக்கூடும். ஆனால் தேர்வு அதைச் சோதிப்பதில்லை. ஆண்கள் 25 கிலோமீட்டரையும் பெண்கள் 16 கிலோமீட்டரையும் நான்கு மணி நேரத்தில் நடந்து முடிக்கும் சோதனைதான் கொஞ்சமேனும் காட்டோடு ஒட்டியது.

காப்பகத்தின் வனக்காவலர் இடங்களில் ஒரு பங்கை, குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றிய தற்காலிகக் காவலர்களுக்கு ஒதுக்க வேண்டும். இது பின்வாசல் நியமனம் ஆகிவிடும் என்று ஆட்சேபம் எழும். பணிப்பதிவேடும் நடைச்சோதனையும் கட்டாயமானால் சிபாரிசுக்கு இடம் சுருங்கும். மீதி இடங்களுக்கு ஆண்டுதோறும் தவறாமல் அறிவிப்பு வர வேண்டும்; வயது வரம்பு எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

இம்மாவட்டத்தின் பட்டாசுத் தொழிலுக்குக் காட்டு வேலை மாற்று என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று. 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியத்தையும் தடுத்தபோது வேலை இழந்த கூட்டத்துக்கு எந்தக் காப்பகமும் ஈடாகாது. ஆனாலும் 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததைக் கண்ட குடும்பங்கள், பிள்ளைக்கு வேறு வழி தேடுவதில் வியப்பில்லை.

மீன்வளத் துறையிலும் இதே கதைதான்: வேலை உண்டு, உத்தியோகம் குறைவு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் பட்டதாரிகளை உருவாக்குகிறது. கடல் இல்லாவிட்டாலும் பிளவக்கல், வெம்பக்கோட்டை, இருக்கன்குடி அணைகளும் கண்மாய்களும் மாவட்டத்தில் உண்டு. கண்மாய் மீன்பாசிக் குத்தகையில் வரும் பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டால், குஞ்சு விடுவதையும் வலைக் கண்ணியையும் கவனிக்க ஒன்றியத்துக்கு ஒரு சார் ஆய்வாளரையாவது அமர்த்தலாம்.